அதே 90 மில்லிமீட்டர்

காட்பாடி,
ஞாயிறு இரவு

அன்புள்ள நண்பா,

இங்கே எல்லோரும் நலம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? அறுவை சிகிச்சை வேண்டாம் என்று நீ அடம்பிடிப்பதாக உன் வீட்டில் போனில் சொன்னார்கள். தேய்ந்த பேரிங்குக்குக் கிரீஸ் தடவி எத்தனை நாள் ஓட்டுவாய்? நான் சொல்லி நீ எதைக் கேட்டாய் என்று நினைத்தால், ஒரே ஒரு தடவை கேட்டாய். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். முதலில் செய்தியைச் சொல்லிவிடுகிறேன்.

பெரியவன் கார் வாங்கிவிட்டான். பிஎம்டபிள்யூ எம்2. இரண்டே கதவு, ஆறு சிலிண்டர், இரண்டு டர்போ, கையால் கியர் போடும் வண்டி. விலையை நீ கேட்காதே. நான் கேட்டேன், அன்று இரவு சரியாகத் தூங்கவில்லை. வங்கியில் இத்தனை வருஷம் கடன் கொடுத்த உனக்கு வேண்டுமானால் அது பெரிய தொகையாகத் தெரியாமல் இருக்கலாம்.

வாங்கிய வாரமே பெங்களூரிலிருந்து ஓட்டிக்கொண்டு வந்தான். இறங்கியதும் இறங்காததுமாக, "அப்பா, 80-ஐத் தாண்டவே இல்லை. ஓசூரிலிருந்து ஆறாவது கியர்தான். என்ஜின் முள் நிமிடத்துக்கு 2,000 சுற்றுக்கு மேலே ஏறவில்லை. என்ஜினைப் பூ மாதிரி கொண்டுவந்தேன்" என்றான். தட்டிக்கொடுப்பேன் என்று எதிர்பார்த்தான் போலிருக்கிறது. எனக்கோ அடிவயிறு கலங்கியது. புது என்ஜினைப் பதப்படுத்துவது இப்படியல்ல என்று அவனை வாசலிலேயே நிறுத்திவைத்துத் திட்டினேன். அவன் அம்மா ஆரத்தித் தட்டோடு வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

காரோடு கொடுத்த கையேட்டை எடுத்து வரச் சொன்னேன். முதல் 2,000 கிலோமீட்டர் வரை 5,500 சுற்றைத் தாண்டக் கூடாது, 170 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டக் கூடாது, ஆக்சிலேட்டரை அடிவரை மிதிக்கக் கூடாது. நம் நான்குவழிச் சாலையில் சட்டம் அனுமதிப்பதே 100 தான். 170-ஐ நான் எங்கே போய்த் தாண்டுவது? ஆனால் அந்தக் கூடாதுகளுக்கு முன்னால் ஒரு வார்த்தை இருக்கிறது, பையன் அதைக் கண்டுகொள்ளவே இல்லை: சுற்றையும் வேகத்தையும் மாற்றி மாற்றி ஓட்ட வேண்டும். டயர் பிடிப்புக் கொடுக்க 300 கிலோமீட்டர், பிரேக்கும் கிளட்சும் பதமாக 500 கிலோமீட்டர் என்று தனியாக வேறு எழுதியிருக்கிறார்கள். என் மனைவி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "பிள்ளை பெற்றவளுக்கே இவ்வளவு பத்தியம் கிடையாது" என்று சொல்லிவிட்டு ஆரத்தியை எடுத்து முடித்தாள்.

நான் ஏன் கோபப்பட்டேன் என்று உனக்குப் புரிய வேண்டுமானால், சிலிண்டருக்குள் கொஞ்சம் எட்டிப்பார்க்க வேண்டும். புது சிலிண்டரின் உள்சுவரை வழவழப்பாக விடமாட்டார்கள். ஹோனிங் கல்லைச் சுழற்றிக்கொண்டே மேலும் கீழும் இழுத்து, குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய கீறல் போடுவார்கள். வெளிச்சத்தில் பார்த்தால் கோரைப்பாய்ப் பின்னல் மாதிரி இருக்கும். பள்ளத்தில் ஆயில் தங்கும். மேட்டின் முனையைப் பிஸ்டனைச் சுற்றியிருக்கும் வளையம், அதாவது பிஸ்டன் ரிங், உரசி உரசி மழுக்கும். அப்படித்தான் ரிங் சுவரோடு கச்சிதமாக உட்காரும். சரி, ரிங்கைச் சுவரோடு சேர்த்து அழுத்துவது எது? அதன் சொந்த விறைப்பு கொஞ்சம்தான். உள்ளே எரிகிற வாயு ரிங்கின் இடுக்கு வழியாக நுழைந்து, அதன் முதுகுப் பக்கம் போய், வெளியே நெட்டித் தள்ளுகிறது. பெரிய அழுத்தம் அதுதான். மிதிக்காமல் தடவித் தடவி ஓட்டினால் அந்த அழுத்தம் கிடைக்காது. ரிங் ஆயிலின் மேல் வழுக்கிக்கொண்டே போகும், கீறலில் நிற்கிற ஆயில் சூட்டில் வெந்து வார்னிஷ் மாதிரி படியும். படிந்துவிட்டால் பிறகு தலைகீழாக நின்றாலும் ரிங் உட்காராது. ஆயில் மேலே ஏறும், நீலப் புகை வரும்.

எடுத்த எடுப்பில் விரட்டினாலும் கேடுதான். மேட்டு முனைகள் ஒன்றோடொன்று உரசி அந்தந்த இடத்தில் சூடேறி, ஆயில் படலம் கிழிந்து, சுவரில் கோடு விழுந்துவிடும். அதனால் என்ஜின் நன்றாகச் சூடான பிறகு, பாதிக்கு மேல் மிதிக்க வேண்டும், ஏறவிட வேண்டும், உடனே காலை எடுக்க வேண்டும். காலை எடுத்ததும் சிலிண்டருக்குள் உறிஞ்சல் உண்டாகி ஆயிலைச் சுவரில் மேலே இழுக்கும். சூட்டை ஆற்றும், தேய்ந்த துகளையும் கழுவும். மறுபடி மிதிக்க வேண்டும். இந்தக் காலத்துத் தொழிற்சாலைகள் மேடுகளைப் பாதி மழுக்கித்தான் அனுப்புகின்றன, ஒரு நெடுஞ்சாலைப் பயணத்தில் எதுவும் கெட்டுவிடாது என்று எனக்கும் தெரியும். அதைப் பையனிடம் சொல்லவில்லை.

இந்த என்ஜினை ஆற அமரப் பார்த்தேன். எனக்குக் கொஞ்சம் துக்கமாகவும் இருந்தது. அலுமினிய பிளாக்கில் சிலிண்டருக்கு உள்ளுறையாகப் போடும் இரும்பு ஸ்லீவே கிடையாது. இரும்புக் கம்பியை மின்சாரத்தால் உருக்கிச் சுவரில் தெளித்திருக்கிறார்கள். ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான பூச்சு. அங்குலத்தின் ஆயிரத்தில் பத்து, இருபது, நாற்பது பங்கு என்று தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து, அதற்கேற்ற பெரிய ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டுத்தான் நான் இரண்டு பெண்களைக் கட்டிக்கொடுத்தேன். அந்த வித்தை இங்கே செல்லாது. பையன் தன் போனில் அளவுகளைக் காட்டினான். சிலிண்டரின் உள்விட்டமான போர் 84 மில்லிமீட்டர், பிஸ்டன் ஓடும் தூரமான ஸ்ட்ரோக் 90. அந்த 90-ஐப் பார்த்ததும் எங்கேயோ பார்த்த முகமாக இருந்தது. யோசித்தேன். உன் அப்பாவின் புல்லட் 350! போர் 70, ஸ்ட்ரோக் 90. அதே 90. ஒன்று 18 குதிரைச் சக்தி, இது 450-க்கும் மேல். ஆனால் பிஸ்டன் ஏறி இறங்குகிற தூரம் ஒன்றுதான். அன்று இரவு முழுக்க அந்தப் புல்லட் என் தலைக்குள் தடதடத்துக்கொண்டிருந்தது.

1984-ல் அதன் சிலிண்டரைக் கடைந்து ரீபோர் செய்தபோது நான் பட்டறையில் சேர்ந்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. வண்டியை உன்னிடம் கொடுத்துவிட்டு, பெரிய மேஸ்திரி மாதிரி, "1,000 கிலோமீட்டர் வரை 40-க்கு மேல் போகாதே, வண்டி திணறக் கூடாது, முறுக்கவே கூடாது" என்று சொன்னேன். முதலாளி சொல்லச் சொன்னது வேறு. நான் என் சரக்கைச் சேர்த்துச் சொன்னேன். நீ அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டாய். தீபத்துக்குத் திருவண்ணாமலை போனோமே, ஞாபகம் இருக்கிறதா? கண்ணமங்கலம், போளூர் என்று 40-லேயே. பால்காரர் சைக்கிள்கூட நம்மைத் தாண்டிப் போனதாக ஊரில் கதை கட்டினார்கள். மூன்று மாதத்தில் வண்டி புகைய ஆரம்பித்தது. தெருவில் நீ போனால் கொசு மருந்து வண்டி வருகிறது என்று பிள்ளைகள் பின்னால் ஓடின. உன் அப்பா பட்டறைக்கே வந்து, போர் சரியில்லை என்று முதலாளியை நான்கு பேர் முன்னால் கத்தினார். அவர் ஒன்றும் பேசவில்லை, மறுபடி பிரித்து ரிங் மாற்றிக் கொடுத்தார், கூலி வாங்கவில்லை. நான் ஓரமாக ஸ்பேனர் துடைத்துக்கொண்டிருந்தேன்.

அவர் கடைந்ததில் குறையே இல்லை. உன் ஓட்டத்திலும் குறை இல்லை. நான் சொல்லிக்கொடுத்ததுதான் தப்பு. பத்துப் பதினைந்து லாரி என்ஜின்களைப் பிரித்துப் பார்த்த பிறகு எனக்கே அது விளங்கியது. அப்போது சொல்லியிருக்கலாம். உன் அப்பா போய்விட்டார், முதலாளியும் போய்விட்டார். நாற்பது வருஷம் கழித்து உனக்காவது எழுதுகிறேன்.

மறுநாள் காலை பையனை அதே போளூர் சாலைக்கு அழைத்துப் போனேன். வளைவும் ஊரும் மாறி மாறி வருவதால் ஒரே வேகத்தில் போகவே முடியாது. வேகத்தடைதான் பிராணனை வாங்கியது. ஒவ்வொன்றிலும் வண்டியைக் கோணலாகத் திருப்பி, சக்கரம் சக்கரமாக ஏற்ற வேண்டியிருந்தது. ஒரு இடத்தில் ஆடு மேய்க்கும் அம்மா வந்து, "வண்டிக்கு இடுப்பு பிடித்துக்கொண்டதா?" என்று உண்மையான கவலையோடு கேட்டார்.

500 தாண்டியதும் ஏலகிரிக்குப் போனோம். நீ வங்கிப் பரீட்சை முடித்துவிட்டு வந்து வாந்தி எடுத்த அதே மலை. இப்போது திருப்பத்தூர் மாவட்டம் என்கிறார்கள், நமக்கு என்றைக்கும் வடாற்காடுதான். பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள், ஏழுக்குப் புலவர்கள் பெயர், ஏழுக்குக் கடையெழு வள்ளல்கள் பெயர். என்ஜினைப் பதப்படுத்த இதைவிட நல்ல பள்ளிக்கூடம் எனக்குத் தெரிந்து வடாற்காட்டில் இல்லை. இரண்டாவது கியரில் மிதித்து 4,500 வரை ஏற்று, வளைவுக்கு முன் காலை எடு, திரும்பியதும் மறுபடி மிதி. இறங்கும்போது பிரேக்கைத் தொடாமல் கியரிலேயே விடு. பாரிக்கும் பேகனுக்கும் இடையில் எங்கேயோ சத்தம் மாறியது. முதலில் இருந்த ஒரு வறட்டு ஒலி போய், குரல் தெளிந்தது. பையனுக்குக் கேட்கவில்லை, உனக்கும் கேட்டிருக்காது. எனக்குக் கேட்டது. திரும்பும்போது ஆம்பூரில் பிரியாணி. கத்தரிக்காய் மட்டும் நம் இலவம்பாடி முள் கத்தரிக்காயின் கால் தூசிக்கு வராது.

இப்போது 1,640 கிலோமீட்டர் ஆகிவிட்டது. 2,000-ல் என்ஜின் ஆயிலையும் பின் ஆக்சில் ஆயிலையும் மாற்றுவார்கள். வடிகிற ஆயிலை ஒரு பாட்டிலில் பிடித்து வரச் சொல்லியிருக்கிறேன். வெயிலில் காட்டினால் சரிகைத் தூள் மாதிரி மின்னும். உனக்கு ஒரு முறை காட்டியிருக்கிறேன், நீ மூக்கைப் பிடித்துக்கொண்டாய்.

மீதி 360 கிலோமீட்டரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை உனக்கு. ரயிலில் காட்பாடிக்கு வந்துவிடு, பையன் ஸ்டேஷனுக்கே வருவான். சீட் தாழ்வு, உன் முழங்காலுக்கு நான் கை கொடுக்கிறேன். பரணில் தேடியபோது ஒரு தகரம் கிடைத்தது. "ரன்னிங் இன், தயவுசெய்து முந்திச் செல்லவும்" என்று சிவப்புப் பெயின்டில் நீ எழுதிப் புல்லட்டின் பின்னால் கட்டியது. முந்தி என்பதில் ஒரு புள்ளியை விட்டிருக்கிறாய். காரில் மாட்டப் பையன் சம்மதிக்கவில்லை. டிக்கியில் போட்டுவைத்திருக்கிறான்.

உன்
காட்பாடிக்காரன்