எஷு சாத்தான் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உலகச் சமயங்கள் பற்றித் தங்கள் இதழில் வரும் தொடரை முதல் பகுதியிலிருந்து விடாமல் படித்து வருகிறேன். ஆப்பிரிக்கச் சமயங்களைப் பற்றிய சென்ற மாதக் கட்டுரைதான் என்னை மிகவும் வருத்தியது. நைஜீரியாவின் யொரூபா மக்களிடையே குறி சொல்லும் பூசாரிகளான பாபலாவோக்களைக் கட்டுரையாளர் சூனியக்காரர்கள் என்கிறார். எஷு என்ற தெய்வத்தைச் சாத்தான் என்கிறார். இரண்டுமே தவறு.

1978 முதல் ஆறு ஆண்டுகள் நான் ஓயோ மாநிலத்தில் ஒரு பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்தேன். அப்போது இங்கிருந்து பலர் அந்த நாட்டுப் பள்ளிகளுக்குப் போனோம். ஒரு சமயம், அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை என்று ஊரிலிருந்து கடிதம் வந்தது. வேலையை விட்டுத் திரும்புவதா என்று தவித்துக்கொண்டிருந்த என்னை, உடன் வேலை பார்த்த யொரூபா நண்பர் தம் மாமாவிடம் அழைத்துப் போனார். மாமா ஒரு பாபலாவோ. கேள்வியை அவரிடம் சொல்ல வேண்டாம், ஒரு காசைக் கையில் வைத்து அதனிடம் மெதுவாகச் சொன்னால் போதும் என்றார்கள். சொன்னேன். பெரியவர் 16 எண்ணெய்ப்பனைக் கொட்டைகளை ஒரு கையில் வைத்து மறு கையால் அள்ளினார். ஒன்று மிஞ்சினால் மரத்தட்டில் பரப்பிய தூளில் இரண்டு கோடு, இரண்டு மிஞ்சினால் ஒரு கோடு. இப்படி எட்டுக் குறிகள். எட்டு இடம், இடத்துக்கு இரண்டு வாய்ப்பு, மொத்தம் 256 உருவங்கள்! கணக்கு வாத்தியாருக்கு மயிர்க்கூச்செறிந்தது.

ஒவ்வோர் உருவத்துக்கும் ஒடு என்று பெயர். ஒவ்வோர் ஒடுவுக்கும் ஏராளமான பாட்டுகள் உண்டு. விழுந்த ஒடுவின் பாட்டுகளைப் பெரியவர் வரிசையாகப் பாட, நண்பர் பொருள் சொன்னார். நம் கவலைக்குப் பொருந்தும் பாட்டு வந்ததும் நாம்தான் நிறுத்தச் சொல்ல வேண்டும். நான்காவது பாட்டில் நான் கையைக் காட்டினேன். என் கவலை என்னவென்று அதுவரை அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்தக் கோடை விடுமுறையில் நான் ஊருக்கு வந்து அம்மாவோடு இருந்தேன்.

பாபலாவோ என்றால் மறைபொருளின் தந்தை என்று பொருள். இந்தப் பாட்டுகளைக் கற்கக் குருவிடம் பல ஆண்டுகள் இருக்க வேண்டும். இஃபா எனப்படும் இந்த மரபை யுனெஸ்கோ 2005இல் மனிதகுலத்தின் வாய்மொழிச் செல்வங்களுள் ஒன்றாக அறிவித்தது. வாந்தே அபிம்போலா என்ற பாபலாவோ, இஃபே பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகவே இருந்தவர். இவர்களை எந்த அளவுகோலால் சூனியக்காரர்கள் என்பது?

எஷுவுக்கு நேர்ந்தது இதைவிடப் பெரிய அநியாயம். நாற்சந்திகளில் இருப்பவர், படையலை மேலே கொண்டு சேர்ப்பவர், மனிதரைச் சோதிப்பவர், சில சமயம் சண்டையும் மூட்டுபவர். இதுதான் யொரூபா மக்கள் அறிந்த எஷு. கடவுளின் எதிரி என்று ஒருவரே அவர்கள் மரபில் கிடையாது. பைபிள் யொரூபா மொழிக்குப் போனபோது சாத்தானுக்கு ஒரு பெயர் தேவைப்பட்டது. எஷுவை எடுத்துக்கொண்டார்கள். அந்த மொழிபெயர்ப்பில் முன்னின்ற சாமுவேல் அஜாயி கிரௌதர் யொரூபாக்காரர்தான். சிறு வயதில் அடிமையாகப் பிடிபட்டு மீண்டு, 1864இல் ஆங்கிலிகன் சபையின் முதல் ஆப்பிரிக்க ஆயரானவர். அவர்மீது எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனால் அந்த ஒரு சொல்லால் ஒரு தெய்வத்தின் பெயரே வசவாகிப் போனது. எஷு சாத்தான் இல்லை என்று யொரூபா மரபினர் இன்றும் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியிருக்கிறது.

உகாண்டாவின் அச்சோலி இனக் கவிஞர் ஒகோட் பிபிடெக் சொன்ன ஒரு நிகழ்ச்சியையும் கட்டுரையாளர் அறிய வேண்டும். 1911இல் இத்தாலியப் பாதிரியார்கள் அச்சோலி பெரியவர்களிடம், உங்களைப் படைத்தது யார் என்று கேட்டார்கள். படைத்தல் என்பதற்கு அந்த மொழியில் தனிச்சொல் இல்லாததால், உங்களை வனைந்தது யார் என்று கேள்வி மாறிப் போனது. மனிதரைத் தாய் பெறுகிறாள், இதில் வனைவதற்கு என்ன இருக்கிறது என்று பெரியவர்கள் விழித்தார்கள். பாதிரியார்கள் விடவில்லை. கடைசியில் ஒருவருக்கு, முதுகெலும்பில் காசநோயை உண்டாக்கி மனிதரைக் கூனாக வளைப்பதாக அவர்கள் நம்பிய ருபங்கா என்ற ஆவி நினைவுக்கு வந்தது. உருவை மாற்றி வனைவது அதுதானே! அந்த ஆவியின் பெயரையே அச்சோலியில் கர்த்தருக்குச் சூட்டிவிட்டார்கள். அந்தப் பெரியவர்கள் கேட்ட கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொன்னார்கள். கேள்விதான் வெளியிலிருந்து வந்தது.

சரி, அடுத்த பகுதி பெனின் நாட்டைப் பற்றியது என்று அறிவித்திருக்கிறீர்கள். அங்கே ஃபோன் என்ற இனத்தாரின் மொழியில் வோடுன் என்றால் தெய்வம், ஆவி என்று பொருள். ஜனவரி மாதத்தில் அங்கே வோடுன் திருநாள், அரசு விடுமுறை. அந்தக் கட்டுரையிலாவது பில்லிசூனியம் என்ற சொல் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். பாபலாவோ, எஷு பற்றிய திருத்தத்தையும் அதே இதழில் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர்,
கும்பகோணம்