முடிவைப் பார்க்க விடுங்கள்: ஓடிடி நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

ஓடிடி தளங்களை நடத்துபவர்களுக்கும், எந்தத் தொடர் ஓட வேண்டும், எது நிற்க வேண்டும் என்று தீர்மானிக்கும் இடத்தில் இருப்பவர்களுக்கும்,

வணக்கம்.

முதலில் நன்றி. ஜெர்மன் மொழியில் எடுத்த 'டார்க்' தொடரை நான் பார்த்தது உங்களால்தான். நான்கு குடும்பங்கள், பல தலைமுறைகள். யார் யாருக்கு மகன், யார் யாருக்குத் தாத்தா என்பதே புரியாமல் திகைக்க வைத்த கதை அது. 2017 முதல் 2020 வரை மூன்று சீசன்கள், 26 எபிசோடுகள். போட்ட முடிச்சை எல்லாம் பொறுமையாக அவிழ்த்துக் காட்டிவிட்டுத்தான் விடைபெற்றார்கள். இப்படி ஒரு கதையை நம்பிப் பணம் போட்டவர்கள் நீங்கள். அந்த மரியாதை எனக்கு இன்னும் இருக்கிறது. அதனால்தான் உரிமையோடு கேட்கிறேன். ஒரு கதையை ஆரம்பித்தால் அதன் முடிவையும் எங்களுக்குக் காட்டுங்கள். காட்டும்போது கடைசி நொடி வரை நிம்மதியாகப் பார்க்க விடுங்கள்.

இரண்டாவது கோரிக்கையை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அதைச் செய்ய உங்களுக்குப் பெரிய செலவு எதுவும் இல்லை.

பாலு மகேந்திராவின் 'மூன்றாம் பிறை' (1982) எப்படி முடியும் என்று தமிழில் படம் பார்க்கும் எவருக்கும் தெரியும். ரயில் நிலையம், மழை. தன்னை மறந்துபோன விஜிக்குத் தன்னை நினைவுபடுத்த சீனு என்னென்னவோ செய்கிறான். அவளைச் சிரிக்க வைப்பதற்காக முன்பு காட்டிய குரங்கு வித்தையைப் பிளாட்பாரத்தில் மறுபடி ஆடிக் காட்டுகிறான். அவளுக்கு அவன் யாரோ ஒரு பைத்தியக்காரன். ரயில் போய்விடுகிறது. அவன் நனைந்தபடி உட்கார்ந்திருக்கிறான். கமல்ஹாசனுக்குத் தேசிய விருது வாங்கிக் கொடுத்த நடிப்பு அது. ஆனால் அந்தக் காட்சி என் மனதில் நிற்பதற்கு நடிப்பு மட்டும் காரணம் இல்லை. ரயில் போன பிறகும் கேமரா அவனை விட்டு உடனே நகரவில்லை. நமக்கும் எழுந்து போகத் தோன்றுவதில்லை.

அந்தக் காலப் படங்களில் பணியாற்றியவர்களின் பெயர்கள் எல்லாம் தொடக்கத்திலேயே வந்துவிடும். கடைசியில் ஓடுவதற்கு எதுவும் இருக்காது. கதை நிற்கும் இடத்தில் படமும் நிற்கும். இப்படிப்பட்ட பழைய படங்களை உங்கள் தளங்களில் பார்க்கும்போது, கதை முடியும் முன்பே திரை மூலையில் சுருங்குகிறது. 'அடுத்து இதைப் பாருங்கள்' என்று நான்கு போஸ்டர்கள் வந்து நிற்கின்றன. படத்தின் கடைசி ஷாட்டை ஒரு விளம்பரத்துக்கு நடுவில் எட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது. எந்தப் படத்தில் கதை எந்த நொடியில் முடிகிறது என்று ஒரு மனிதர் உட்கார்ந்து பார்த்துக் குறித்திருந்தால் இப்படி நடந்திருக்காது.

பெயர்கள் கடைசியில் ஓடும் படங்களில் நிலைமை இன்னும் மோசம். 'கால் மீ பை யுவர் நேம்' (2017) படத்தின் கடைசிக் காட்சியில் எலியோ கணப்பு அடுப்பின் முன்னால் உட்கார்ந்து அழுகிறான். டிமோதி ஷாலமேயின் முகம் மட்டும் சில நிமிடங்கள் திரையில் இருக்கிறது. ஓரத்தில் பெயர்கள் ஓடத் தொடங்குகின்றன, அவன் அழுவதும் யோசிப்பதும் லேசாகச் சிரிக்க முயல்வதும் தொடர்கின்றன. அம்மா பெயர் சொல்லிக் கூப்பிட, அவன் திரும்புகிறான். அதோடு படம் முடிகிறது. பெயர்கள் ஓடுவதும் காட்சி நடப்பதும் இங்கே ஒரே நேரத்தில். 'பெயர் ஓட ஆரம்பித்தால் திரையைச் சுருக்கு' என்று கணினிக்குச் சொல்லி வைத்தால், அந்த முகம் தீப்பெட்டி அளவுக்குப் போய்விடும். அந்தப் படத்தை முதல்முறை பார்க்கும் ஒருவர் எதை இழந்தார் என்பது அவருக்குத் தெரியக்கூடத் தெரியாது. எனக்கு மிகவும் வருத்தம் தருவது இதுதான்.

'தி சோப்ரானோஸ்' தொடரின் கடைசி எபிசோடு 2007 ஜூன் 10 அன்று வந்தது. கதையின் நாயகன் டோனி ஒரு சாப்பாட்டுக் கடையில் குடும்பத்துக்காகக் காத்திருக்கிறான். கதவு திறக்கும் மணிச் சத்தம். நிமிர்ந்து பார்க்கிறான். சட்டென்று திரை கறுப்பாகிறது. பாட்டு பாதியில் அறுந்து முழு அமைதி. கேபிள் இணைப்பு போய்விட்டது என்று அன்றைக்குப் பலர் நினைத்தார்களாம். ஏறக்குறைய பத்து நொடிக் கறுப்புக்குப் பிறகு பெயர்கள் வருகின்றன, அதுவும் இசையே இல்லாமல். வழக்கமாக ஒவ்வொரு எபிசோடின் இறுதியிலும் ஏதாவது ஒரு இசையோ பாட்டோ வைத்த, தொடரை உருவாக்கிய டேவிட் சேஸ், கடைசி எபிசோடில் மட்டும் எதுவும் வைக்கவில்லை. என்னைக் கேட்டால், தொலைக்காட்சியில் வந்த முடிவுகளிலேயே துணிச்சலானது அதுதான். அந்த அமைதியை எங்களுக்குக் கொடுங்கள். அடுத்ததைத் தொடங்குவதற்காக அதன் மேல் ஐந்து, நான்கு, மூன்று என்று எண்ணாதீர்கள்.

ஜாக்கி சான் படங்களில் சண்டைக் காட்சி எடுக்கும்போது அடிபட்டதையும் தவறியதையும் பெயர்களோடு காட்டுவார்கள். 2008-இல் வந்த 'அயர்ன் மேன்' படத்திலிருந்து, எல்லாம் ஓடி முடித்த பிறகு வரும் காட்சிக்காகத் தியேட்டரில் உட்கார்ந்திருக்கும் பழக்கம் உலகம் முழுக்கப் பரவியது. காத்திருக்க எங்களுக்குத் தெரியும். எதுவும் வராவிட்டாலும், ஒலிப்பதிவு செய்தவர், படம் வெட்டியவர், சாயம் பூசியவர் என்று இத்தனை பேரின் பெயர் அவர்கள் உழைத்த படத்தின் கீழே நாலு நிமிடம் ஓடட்டுமே.

அடுத்தது தானாக ஓடும் ஆட்டோபிளேயை நிறுத்த அமைப்புகளில் வசதி இருக்கிறது என்று சொல்வீர்கள். சில தளங்களில் இருக்கிறது, அதுவும் கணக்கு, புரொஃபைல் என்று உள்ளே உள்ளே போய்த் தேட வேண்டிய இடத்தில். தலைகீழாக மாற்றுங்கள். படம் முழுதாக ஓடுவது இயல்பு நிலையாக இருக்கட்டும், அவசரமாக அடுத்ததுக்குப் போக நினைப்பவர்கள் பொத்தானை அழுத்திக்கொள்ளட்டும். நெட்ஃபிளிக்ஸ் 2020 பிப்ரவரியில், முன்னோட்டங்கள் தானாக ஓடுவதை நிறுத்திக்கொள்ளும் வசதியைக் கொடுத்தது. ரசிகர்கள் திரும்பத் திரும்பக் கேட்டார்கள், வந்தது. இதுவும் வரும் என்று நம்புகிறேன்.

சரி, இனி முடிவே இல்லாத கதைகளுக்கு வருகிறேன்.

'டார்க்' எடுத்த அதே பாரன் போ ஓடாரும் யான்ட்யே ஃப்ரீஸும் அடுத்து '1899' எடுத்தார்கள். நடுக்கடலில் ஒரு கப்பல், பல நாடுகளிலிருந்து வந்த பயணிகள். ஒவ்வொருவரும் அவரவர் மொழியில் பேசுகிறார்கள், பக்கத்தில் இருப்பவருக்குப் புரிவதில்லை, ஆனாலும் ஏதோ புரிகிறது. எட்டு எபிசோடுகள் கேள்விக்கு மேல் கேள்வியாக அடுக்கிவிட்டு, கடைசிக் காட்சியில் கதையின் தரையையே காலுக்குக் கீழிருந்து உருவிவிடுகிறார்கள். (என்ன நடந்தது என்று சொல்லப்போவதில்லை. பார்க்காதவர்கள் இன்னும் இருப்பார்கள்.) மூன்று சீசன்களுக்குத் திட்டமிட்ட கதை. 2022 நவம்பரில் வந்தது. 2023 ஜனவரி பிறந்த கையோடு, இனி இல்லை என்று அறிவிப்பு வந்தது. முந்தைய தொடரில் சொன்ன சொல்லைக் காப்பாற்றிய இரண்டு பேரை நம்பித்தான் நாங்கள் அந்தக் கேள்விகளை எல்லாம் மனதில் சுமந்துகொண்டு உட்கார்ந்திருந்தோம்.

தொடர் கொலையாளிகளை ஆராய்பவர்களின் கதையான 'மைண்ட்ஹன்டர்' இன்னொரு காயம். பல எபிசோடுகளின் ஆரம்பத்தில் மீசை வைத்த ஒரு மனிதன் சில நொடிகள் வந்துபோவான். கதையின் நாயகர்களுக்கு அவனைத் தெரியாது. நமக்கு மட்டும் வயிறு கலங்கும். இரண்டு சீசன்கள் முழுக்க அவனைக் கொஞ்சம் கொஞ்சமாக வளர்த்துவிட்டு, 2019-க்குப் பிறகு அப்படியே விட்டுவிட்டார்கள். செலவுக்கு ஏற்ற பார்வையாளர்கள் கிடைக்கவில்லை என்பதை அதன் இயக்குநர்களில் ஒருவரான டேவிட் ஃபின்ச்சரே பின்னாளில் சொன்னார்.

உங்கள் கணக்கு எனக்குப் புரியாமல் இல்லை. சீசன் கூடக் கூட நடிகர்களின் சம்பளம் கூடும், தயாரிப்புச் செலவும் கூடும். ஆனால் மூன்றாவது சீசனைப் பார்ப்பதற்காகப் புதிதாகச் சந்தா கட்டுபவர்கள் குறைவு. பழைய தொலைக்காட்சியில் வேறு கணக்கு இருந்தது. எபிசோடுகள் சேரச் சேர மறு ஒளிபரப்பு உரிமைக்கு விலை ஏறும். அமெரிக்காவில் நூறு எபிசோடுகளைத் தொட்டுவிட்டால் பெரிய வருமானம் என்பார்கள். அவர்களுக்கு ஒரு தொடரை வளர்ப்பதில் லாபம், உங்களுக்குப் புதிதாக ஒன்றை ஆரம்பிப்பதில் லாபம்.

ஆனால் இந்தக் கணக்கில் ஒன்று விட்டுப்போகிறது. பாதியில் நிற்கும் தொடர்களைப் பார்த்துப் பார்த்து நொந்தவர்கள், புதிதாக எது வந்தாலும் தொடுவதில்லை. 'முடியட்டும், அப்புறம் பார்க்கலாம்' என்கிறார்கள். என் நண்பர்களில் பாதிப் பேர் இப்படித்தான். அவர்கள் காத்திருப்பதால் முதல் சில வாரங்களில் எண்ணிக்கை குறைகிறது. எண்ணிக்கை குறைந்ததால் நீங்கள் தொடரை நிறுத்துகிறீர்கள். நிறுத்தியதைப் பார்த்து இன்னும் சிலர் காத்திருக்கத் தொடங்குகிறார்கள். நம்பிக்கை போனால் ஆரம்பத்திலேயே ஆள் வராது. நஷ்டம் எங்களுக்கு மட்டும் இல்லை.

இதற்கு வழி இல்லாமலும் இல்லை, உங்கள் துறையிலேயே செய்து காட்டியிருக்கிறார்கள். 'பாபிலோன் 5' தொடரை ஐந்து ஆண்டுக் கதையாகத் திட்டமிட்டவர் ஜே. மைக்கேல் ஸ்ட்ராசின்ஸ்கி. நான்காம் சீசனோடு நிறுத்திவிடுவார்களோ என்ற பயம் வந்ததும், கடைசி எபிசோடை அப்போதே எடுத்து வைத்துவிட்டார். பிறகு வேறொரு சேனல் ஐந்தாம் சீசனுக்கு இடம் கொடுத்தது. எடுத்து வைத்த முடிவு 1998 நவம்பரில் அதற்குரிய இடத்தில் ஒளிபரப்பானது. 'லாஸ்ட்' தொடருக்கு 2010-இல் முடிவு என்று 2007-லேயே ஏபிசி தொலைக்காட்சி தேதி குறித்தது. எழுதுபவர்களுக்கு எவ்வளவு தூரம் போக வேண்டும் என்று தெரிந்தது. 'சென்ஸ் எய்ட்' 2017-இல் இரண்டு சீசன்களோடு நின்றபோது ரசிகர்கள் விடவில்லை. மறு ஆண்டு இரண்டரை மணி நேர இறுதி எபிசோடு ஒன்று வந்தது. அவசரமாகச் சொன்னது போலத்தான் இருந்தது, எல்லாவற்றுக்கும் அதில் இடம் இல்லை. ஆனாலும் அந்தக் கதையின் முக்கியப் பாத்திரங்கள் எட்டுப் பேரிடமும் விடைபெற முடிந்தது. எனக்கு அது போதும்.

ஒரு தொடருக்கு முதல் ஒப்பந்தம் போடும்போதே, ஒருவேளை நிறுத்த நேர்ந்தால் ஒரு முடிவு எபிசோடு எடுப்பதற்கான தொகையை ஒதுக்கி வையுங்கள். முடியாதென்றால் கதையைச் சின்னதாகக் கேளுங்கள். 'செர்னோபில்' ஐந்தே எபிசோடுகள். 'ஃப்ளீபேக்' மொத்தமே பன்னிரண்டு. கதை முழுக்கக் கேமராவைத் திரும்பிப் பார்த்து நம்மோடு பேசிக்கொண்டே வந்த பெண், கடைசியில் 'நீங்கள் வர வேண்டாம்' என்பது போலத் தலையை ஆட்டிவிட்டுத் தனியாக நடந்து போகிறாள். எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிந்து எழுதியதால்தான் அந்தத் தலையாட்டலுக்கு அத்தனை வலு.

இன்னொன்றும் கேட்கிறேன். ஒவ்வொரு தொடரின் பக்கத்திலும், கதை நிறைவடைந்ததா, இன்னும் வருமா, பாதியில் நின்றுவிட்டதா என்று ஒரு வரியில் எழுதிவிடுங்கள். பத்து மணி நேரம் கொடுக்கப் போகிறவருக்கு அதைத் தெரிந்துகொள்ளும் உரிமை உண்டு.

முடிவு பிடிக்காமல் போனால் என்ன செய்வாய் என்று கேட்கலாம். 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' கடைசி சீசன் 2019-இல் வந்தபோது, மறுபடி எடுங்கள் என்று பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் மனுவில் கையெழுத்திட்டார்கள். எனக்கும் அந்த முடிவு பிடிக்கவில்லை. கதையின் முக்கியப் பாத்திரமான டெனேரிஸ் மாறிய விதத்துக்கு இன்னும் இரண்டு மூன்று எபிசோடுகளாவது வேண்டும் என்று இன்றைக்கும் வாதாடுவேன். ஆனால் வாதாடுவதற்கு ஒரு முடிவு இருக்கிறது. '1899' பற்றி எதை வைத்து வாதாடுவது?

எடுத்த தொடரையே தளத்திலிருந்து தூக்கிவிடுவது பற்றியும் சொல்ல வேண்டும். 'வெஸ்ட்வேர்ல்ட்' 2022 டிசம்பரில் எச்பிஓ மேக்ஸிலிருந்து அகற்றப்பட்டது. 2022 நவம்பரில் வந்த 'வில்லோ' தொடர் ஆறு மாதம்கூட நிற்காமல் 2023 மே மாதம் டிஸ்னி பிளஸ்ஸிலிருந்து போய்விட்டது. உங்களுக்காகவே எடுத்த தொடர்களில் பல, டிவிடி வட்டாகவும் வருவதில்லை. நீங்கள் எடுத்துவிட்டால் நேர்வழியில் பார்க்க வேறு இடம் இல்லை. வைக்க முடியாவிட்டால், விலைக்காவது விடுங்கள். வாங்கி வைத்துக்கொள்கிறோம்.

ரசிகர்கள் கேட்டு நடந்தது புதிதல்ல. 1968-இல் கடிதங்கள் குவிந்த பிறகு, 'ஸ்டார் டிரெக்' தொடரும் என்று என்பிசி தொலைக்காட்சி ஒளிபரப்பிலேயே அறிவித்தது. 2018-இல் 'தி எக்ஸ்பான்ஸ்' நின்றபோது ரசிகர்கள் பணம் போட்டு அமேசான் ஸ்டுடியோ மேலே விமானத்தில் பதாகை பறக்கவிட்டார்கள். அமேசான் அதை எடுத்துக்கொண்டு மேலும் மூன்று சீசன்கள் கொடுத்தது. 'டெட்வுட்' 2006-இல் பாதியில் நின்றது. 13 ஆண்டுகள் கழித்து, 2019-இல், எச்பிஓ அதற்கு ஒரு முழுநீளப் படம் எடுத்துக் கதையை முடித்துக் கொடுத்தது. முக்கிய நடிகர்களில் பெரும்பாலானோர் அதற்காகத் திரும்பி வந்தார்கள். '1899' நின்று இன்னும் அவ்வளவு காலம் ஆகிவிடவில்லை. இரண்டு சீசன்கள் கேட்கவில்லை. இரண்டு மணி நேரம் கொடுங்கள்.

அன்புடன்,
ஒரு ரசிகை