பையனுக்குக் காய்ச்சல், விடுப்பு யார் கணக்கில்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

திருப்பூரில் கூலிப் பேச்சு என்றால் பத்திரிகையில் வருவது சதவீதம்தான். சங்கங்கள் எத்தனை சதவீதம் கேட்டன, முதலாளிகள் எத்தனைக்கு இறங்கி வந்தார்கள், பஞ்சப்படி எவ்வளவு என்று விவரமாகப் போடுகிறீர்கள். அது வேண்டியதுதான். ஆனால் எங்கள் வீட்டில் சனிக்கிழமைச் சம்பளக் கவர் இளைத்துப் போவதற்குக் கூலி மட்டும் காரணமில்லை, போக முடியாமல் போன ஷிப்டுகள்தான் பெரிய காரணம். அந்தக் கணக்கை யாரும் பேசி நான் படித்ததில்லை. அதனால் எழுதுகிறேன்.

நான் ஓர் ஏற்றுமதி கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறேன். வீட்டுக்காரர் பவர் டேபிள் டெய்லர், பீஸ் ரேட், அதாவது தைக்கும் எண்ணிக்கைக்குத்தான் கூலி. மூத்தவள் ஐந்தாம் வகுப்பு படிக்கிறாள். இளையவனுக்கு நான்கு வயது. அவனுக்குப் பிறவியிலேயே ஒரு மரபணு நோய். டாக்டர்கள் சுருக்கமாக சி.ஏ.எச். என்கிறார்கள், ‘பிறவி அட்ரீனல் மிகைவளர்ச்சி’ என்பது முழுப்பெயர். சிறுநீரகத்தின் மேல் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பி, உடம்புக்கு அவசியமான இரண்டு ஹார்மோன்களைச் செய்ய முடியாமல் திணறும். ஒன்று காய்ச்சல், காயம் வந்தால் உடம்பைத் தாங்கிப் பிடிப்பது. இன்னொன்று உடம்பில் உப்பை நிறுத்தி வைப்பது. இரண்டும் இல்லாவிட்டால் உப்பு சிறுநீரில் போய்க்கொண்டே இருக்கும், குழந்தை வற்றிப்போகும்.

பெண் குழந்தைக்கு இந்த நோய் இருந்தால் பிறப்புறுப்பில் வித்தியாசம் தெரியும், பிரசவ அறையிலேயே டாக்டர்கள் சுதாரித்துக்கொள்வார்கள். பையனுக்கு வெளியே ஒன்றும் தெரியாது. எங்கள் பையன் பிறந்தபோது மூன்று கிலோவுக்கு மேல் எடை, நல்ல நிறம். இரண்டு வாரம் கழித்துப் பால் குடிக்க மறுத்தான், குடித்ததையும் கக்கினான். ‘உரம் விழுந்திருக்குது’ என்றார்கள், எடுத்தோம். செரிமானக் கோளாறு என்று ஒரு கிளினிக்கில் சொட்டு மருந்து கொடுத்தார்கள். மூன்றாவது வாரம் அவன் எடை பிறந்த எடையைவிடக் குறைந்து, கண் குழி விழுந்து, அழக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தான். கோயம்புத்தூருக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அங்கே ஒரு பயிற்சி டாக்டர், வயது இருபத்தைந்து இருக்குமோ என்னவோ, ரத்தத்தில் சோடியம் இறங்கி பொட்டாசியம் ஏறியிருப்பதைப் பார்த்ததும் பெரிய டாக்டரைக் கூட்டி வந்தார். அந்தப் பெண் இல்லையென்றால் இந்தக் கடிதம் இல்லை.

பிறகு நான் தெரிந்துகொண்டதுதான் எனக்கு ஆறவில்லை. பிறந்த குழந்தையின் குதிகாலில் ஊசியால் லேசாகக் குத்தி, சில சொட்டு ரத்தத்தைத் தடித்த காகித அட்டையில் ஊறவைத்து, காயவைத்து ஆய்வகத்துக்கு அனுப்பினால் இந்த நோயைக் கண்டுபிடித்துவிடலாம். அட்டையில் ரத்தச் சொட்டு எடுக்கும் இந்த முறையை அமெரிக்காவில் ராபர்ட் கத்ரி என்பவர் 1960-களின் தொடக்கத்தில் வேறொரு பரம்பரை நோய்க்காக உருவாக்கினார். சி.ஏ.எச். நோய்க்கும் அதே அட்டையில் சோதிக்க முடியும் என்று 1977-லேயே காட்டிவிட்டார்கள். நம் நாட்டில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் சென்னை, டெல்லி, மும்பை, கொல்கத்தா, ஐதராபாத் ஆகிய ஐந்து நகரங்களில் ஒரு லட்சத்துக்கும் அதிகமான பச்சிளங்குழந்தைகளை இந்த நோய்க்கும் பிறவித் தைராய்டு குறைபாட்டுக்கும் சோதித்து 2018-ல் முடிவை வெளியிட்டது. பிறவித் தைராய்டு குறைபாடு நாட்டளவில் சுமார் 1,100 குழந்தைகளில் ஒன்றுக்கு என்றால், சென்னையில் சுமார் 700-க்கு ஒன்று. சி.ஏ.எச். நோயும் அந்த ஐந்து ஊர்களில் சென்னையில்தான் அதிகம். தைராய்டு குறைபாட்டைச் சீக்கிரம் கண்டுபிடித்தால் தினம் ஒரு மாத்திரையில் மூளை வளர்ச்சி காப்பாற்றப்படும். கண்டுபிடிக்காவிட்டால் வாழ்நாள் முழுக்கத் திரும்பாது. ஆராய்ச்சி செய்தவர்கள் அவர்கள் வேலையை முடித்துவிட்டார்கள். நாங்கள் பிரசவம் பார்த்த இடத்தில் அந்தச் சொட்டை எடுக்கவில்லை, எடுக்கலாம் என்று சொல்லவும் இல்லை. பிரசவம் ஆகி வீட்டுக்கு அனுப்பும் முன் அரசு, தனியார் என்று பார்க்காமல் இந்த இரண்டு நோய்களுக்காவது சோதனை கட்டாயமாக வேண்டும்.

இதைச் சொன்னால் உடனே ‘சொந்தத்தில் கட்டினா இப்படித்தான்’ என்பார்கள். ஆமாம், நான் மாமன் மகனைக் கட்டியவள்தான். தேசியக் குடும்பநல ஆய்வுப்படி தமிழ்நாட்டில் நான்கில் ஒரு கல்யாணத்துக்கு மேல் சொந்தத்தில்தான் நடக்கிறது. அப்பாவிடமிருந்து ஒன்றும் அம்மாவிடமிருந்து ஒன்றுமாகக் கெட்டுப்போன மரபணு இரண்டும் சேர்ந்தால்தான் நோய் வரும், ஒவ்வொரு பிரசவத்திலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு என்று டாக்டர் படம் போட்டுக் காட்டினார். சொந்தத்தில் அந்த வாய்ப்பு கூடும் என்பதும் உண்மை. ஆனால் கோயம்புத்தூர் ஓ.பி.யில் எங்களுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த தம்பதி காதல் கல்யாணம், வேறு வேறு மாவட்டம். கல்யாணத்துக்கு முன் பேச வேண்டிய பேச்சை, பிள்ளை பிறந்த பிறகு தாய் தலையில் போடுவதால் யாருக்கும் புண்ணியமில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

இந்த நோய்க்கு மருந்து இருக்கிறது. கோடிக்கணக்கில் செலவாகும் ஊசி இல்லை. ஹைட்ரோகார்ட்டிசோன் மாத்திரையை எட்டு மணி நேரத்துக்கு ஒரு முறை கொடுக்க வேண்டும். உப்பை நிறுத்த ஃப்ளூட்ரோகார்ட்டிசோன். சின்னக் குழந்தைக்குத் தேவையான அளவில் மாத்திரை எங்கள் பக்கத்துக் கடைகளில் கிடைப்பதில்லை, பெரிய மாத்திரையை பிளேடால் கால் கால் துண்டாக வெட்டிப் பொடித்துக் கொடுக்கிறோம். முதல் மாதங்களில் டாக்டர் சொன்ன அளவு உப்பைக் கரைத்து ஊட்டினோம். ‘பச்சப்புள்ளைக்கு உப்பா?’ என்று அத்தை அழுதே விட்டார். இப்போது உப்பு டப்பாவை யாரும் தொடாமல் பார்த்துக்கொள்பவரே அவர்தான்.

மருந்து ஒழுங்காகப் போகும் வரை பையன் மற்றப் பிள்ளைகளைப் போல ஓடுகிறான், விளையாடுகிறான். காய்ச்சல் வந்தால் கதை மாறும். மற்றப் பிள்ளைக்குச் சாதாரணக் காய்ச்சல், அவனுக்கு உயிர் ஆபத்து. மாத்திரையை இரண்டு மூன்று மடங்காக்க வேண்டும். வாந்தி எடுத்து மாத்திரை தங்கவில்லை என்றால் உடனே ஊசி போட்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். ஊசி போட நானும் வீட்டுக்காரரும் கற்றுக்கொண்டோம். அத்தைக்குக் கை நடுங்குகிறது. ஆகவே பையனுக்கு உடம்பு சுட்டால் எங்கள் இருவரில் ஒருவர் வீட்டில் இருந்தே ஆக வேண்டும். பால்வாடியில் சளி, காய்ச்சல் சுற்றி வருவது உங்களுக்குத் தெரியும்.

ஒன்றரை ஷிப்ட் ஓடும் சீசனில் போன் வந்தால், லைன் சூபர்வைசர் என் முகத்தைப் பார்த்தே கேட்டுவிடுவார்: ‘ஏனுங்க்கா, பையனுக்கு மறுக்காவா?’ அவரும் கெட்டவர் இல்லை. கன்டெய்னர் கிளம்பும் தேதி அவர் கழுத்தில் தொங்குகிறது. நான் போனால் என் டேபிளில் பீஸ் குவியும், பக்கத்து அக்கா இரண்டு மடங்கு பார்க்க வேண்டும். வெளியே வந்தால் அரை ஷிப்ட் போச்சு. மறுநாளும் போகாவிட்டால் முழு ஷிப்ட் போச்சு.

சட்டம் என்ன சொல்கிறது என்று தொழிற்சங்கத் தோழர் ஒருவரிடம் கேட்டேன். அவர் விளக்கியதை இங்கே சொல்கிறேன், ஏனென்றால் செக்கிங் டேபிளில் யாருக்கும் இது தெரிவதில்லை. மகப்பேறுக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு. 2017 திருத்தத்தில் 12 வாரம் 26 ஆனது. பிரசவத்தால், குறைமாதத்தில் குழந்தை பிறந்ததால் தாய்க்கு உடம்பு கெட்டால் இன்னும் ஒரு மாதம். கவனியுங்கள், கெட வேண்டியது தாயின் உடம்பு. குழந்தை வற்றிப்போய் ஐ.சி.யூ.வில் கிடந்தால் அதற்கென்று ஒரு நாளும் இல்லை. தொழிலாளர் காப்பீடான இ.எஸ்.ஐ.யில் நோய்ப் பலனாக வருடத்துக்கு 91 நாள் வரை எழுபது சதவீதக் கூலி உண்டு. காசநோய், புற்றுநோய் மாதிரி 34 நீண்டகால நோய்களுக்கு எண்பது சதவீதம், அதுவும் இரண்டு வருடம் வரை. எல்லாம் காப்பீடு செய்தவரின் சொந்த நோய்க்குத்தான். பிள்ளைக்கு வைத்தியம் இலவசம், அதை நான் மறுக்கவில்லை, பையனின் மாத்திரையும் ரத்தப் பரிசோதனையும் அதில்தான் ஓடுகிறது. ஆனால் அந்த மாத்திரையைக் கொடுக்க வீட்டில் இருக்கும் ஆளுக்குக் கூலி கிடையாது.

ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும், தாய் நாளைக்கு நான்கு முறை போய்ப் பார்க்கலாம் என்பதும் சட்டம். நான் முன்பு வேலை பார்த்த ஒரு கம்பெனியில் காப்பகம் இருந்தது. வெளிநாட்டு பையர் ஆடிட் வரும் நாளில் பொம்மை, தொட்டில் எல்லாம் இறங்கும். மற்ற நாளில் அட்டைப் பெட்டி அடுக்கியிருப்பார்கள். இப்போதைய இடத்தில் உண்மையாகவே நடக்கிறது, ஆயாம்மா நல்லவர். ஆனால் ‘மருந்து குடுக்க எனக்கு உத்தரவு இல்லீங்க கண்ணு’ என்கிறார். மதிய மாத்திரைக்கு நானே ஓடுகிறேன்.

அரசு வேலையில் இருப்பவர்கள் நிலை வேறு. மத்திய அரசுப் பெண் ஊழியர்களுக்குப் பிள்ளைப் பராமரிப்பு விடுப்பு பணிக்காலம் முழுவதற்குமாக 730 நாள், 2008 முதல் இருக்கிறது. பிள்ளையின் நோய், படிப்பு எதற்கும் எடுக்கலாம். இமாச்சலப் பிரதேசத்தில் அரசுக் கல்லூரி உதவிப் பேராசிரியை ஒருவர், எலும்பு எளிதில் முறியும் மரபணு நோயுள்ள மகனைப் பார்த்துக்கொள்ள இந்த விடுப்பு கேட்டார். அந்த மாநிலத்தில் அப்படி விதியே இல்லை என்று மறுத்துவிட்டார்கள். உச்ச நீதிமன்றம் வரை போனார். பெண்கள் வேலைக்கு வருவது அரசு காட்டும் சலுகை அல்ல, அரசியல் சட்டம் தரும் உரிமை சார்ந்தது என்று 2024 ஏப்ரலில் நீதிபதிகள் சொன்னார்கள். மாநிலம் தன் விதியைத் திரும்பப் பார்க்க ஒரு குழு போடவும் உத்தரவிட்டார்கள். படித்தபோது எனக்குச் சந்தோஷம். அப்புறம் யோசித்தேன், அது அரசுச் சம்பளம் வாங்கும் தாய்க்கு. ஷிப்டுக்குக் கூலி வாங்கும் தாய்க்கு எந்தக் கோர்ட் படி ஏறுவது?

நாங்கள் மடித்துப் பெட்டியில் அடுக்கும் சட்டைகள் போய்ச் சேரும் நாடுகளில் சுவீடனும் ஒன்று. அங்கே பிறந்த குழந்தைகள் எல்லோருக்கும் சி.ஏ.எச். சோதனை 1986 முதல் நடக்கிறது. பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்று தாயோ தகப்பனோ வீட்டில் இருந்தால், ஒரு பிள்ளைக்கு வருடத்துக்கு 120 நாள் வரை அரசுக் காப்பீட்டிலிருந்து கூலியின் பெரும்பங்கு வருகிறது. அவ்வளவு நான் கேட்கவில்லை.

நான் கேட்பது இதுதான். இ.எஸ்.ஐ.யில் என் பேரில் ஏற்கெனவே இருக்கும் 91 நாளில் ஒரு பங்கை, ஒரு முப்பது நாளையாவது, என் பையனின் நோய்க்காக எடுக்க விடுங்கள். என் கூலியில் 0.75 சதவீதம் பிடிக்கிறார்கள், கம்பெனி 3.25 சதவீதம் கட்டுகிறது. நான் இதுவரை எனக்காக அந்தப் பலனை வாங்கியதே இல்லை. எல்லாப் பிள்ளைகளின் எல்லாச் சளிக்கும் வேண்டாம். பெரியவர்களுக்கு 34 நோய்ப் பட்டியல் இருப்பது போல, பிள்ளைகளின் மரபணு நோய்களுக்கும் நீண்டகால நோய்களுக்கும் ஒரு பட்டியல் போடுங்கள். அரசு மருத்துவக் கல்லூரிக் குழந்தைகள் பிரிவின் சான்று கேளுங்கள். தாய், தகப்பன் யார் எடுத்தாலும் தாருங்கள், இல்லாவிட்டால் ‘பொம்பளைகளை வேலைக்கு வெச்சா லீவுதான்’ என்ற பேச்சு இன்னும் கூடும்.

பொய்ச் சான்றிதழ் பெருகும் என்பார்கள். இப்போதுதான் பெருகுகிறது. ஒரு தனியார் கிளினிக் டாக்டர் என் மேல் இரக்கப்பட்டு, ‘உங்களுக்கே டைபாய்டுன்னு எழுதித் தர்றேம்மா, காசாவது வரும்’ என்றார். வேண்டாம் என்று வந்துவிட்டேன். நோய் நிஜம், ஆஸ்பத்திரிச் சீட்டு நிஜம், பரிசோதனை முடிவு நிஜம். பெயரை மட்டும் மாற்றிப் பொய் சொன்னால் கூலி கிடைக்கும், உண்மையைச் சொன்னால் கிடைக்காது. இப்படி ஒரு விதியை மாற்றப் பெரிய பட்ஜெட் எதுவும் தேவைப்படாது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

மகப்பேறு நலச் சட்டமும் இ.எஸ்.ஐ. சட்டமும் இப்போது சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் வந்திருக்கின்றன. விதிகளை எழுதுபவர்களும், அடுத்த கூலிப் பேச்சில் உட்காரும் சங்கத் தலைவர்களும் சதவீதத்துக்குக் கீழே இதையும் ஒரு வரியாகச் சேர்க்க வேண்டும். உங்கள் நிருபர்கள் அந்தப் பேச்சு முடிந்து வெளியே வருபவர்களிடம் இந்தக் கேள்வியையும் கேட்டால் உதவியாக இருக்கும்.

கடிதத்தைப் போடுவதானால் என் பெயரைப் போட வேண்டாம். எங்கள் லைனில் உங்கள் பேப்பர் வாங்குகிறார்கள்.

இப்படிக்கு,
ஒரு பனியன் தொழிலாளி,
திருப்பூர்.