உயரம் சரி, தரையைப் பற்றியும் எழுதுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் திபெத்தின் தாங்குலா ரயில் நிலையம் பற்றிய துணுக்கைப் படித்தேன். 5,068 மீட்டர் உயரம், உலகிலேயே உயரமான ரயில் நிலையம், பாதை திறந்தது 2006 ஜூலை 1, எல்லாம் சரிதான். ஆனால் "பயணிகள் இறங்கி மலையழகை ரசிக்கலாம்" என்று ஒரு வரி போட்டிருக்கிறீர்களே, அது எங்கிருந்து வந்ததோ! அங்கே ஊரே கிடையாது, டிக்கெட் கொடுக்கவும் ஆள் கிடையாது. எதிரே வரும் வண்டிக்கு வழிவிட, திபெத் தலைநகர் லாசாவுக்குப் போகும் ரயில் நின்றாலும் கதவைத் திறக்க மாட்டார்கள். காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் பாதிக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். அதனால்தான் பெட்டிக்குள்ளேயே ஆக்சிஜன் விடுகிறார்கள், போதாதவர்கள் குழாய் செருகி மூச்சிழுக்க இருக்கைக்குப் பக்கத்திலேயே வசதியும் உண்டு.

அதைக்கூட விட்டுவிடலாம். துணுக்கு முழுக்க உயரம், உயரம் என்றே போகிறதே, அதுதான் எனக்குக் குறை. உயரத்தில் ரயில் விடுவது புதிதல்ல, பெரு நாட்டில் 1893-லேயே 4,780 மீட்டர் வாக்கில் கலேரா நிலையம் வழியாக ரயில் ஓட ஆரம்பித்துவிட்டது. திபெத் பாதையில் பொறியாளர்களின் தூக்கத்தைக் கெடுத்தது தரை. சீனாவின் கோல்முட் நகரிலிருந்து லாசா வரையான 1,142 கிலோமீட்டரில் சுமார் 550 கிலோமீட்டர் நிரந்தரமாக உறைந்த மண். உறைந்திருக்கும்வரை பாறை மாதிரி நிற்கும், இளகினால் சேறு, தண்டவாளம் அப்படியே அமுங்கிவிடும். சீனாவின் ஷினிங் நகரிலிருந்து கோல்முட் வரை 1984-லேயே ரயில் வந்துவிட்டது, அதற்கு மேலே வேலை தொடங்க 2001 ஆகிவிட்டது என்றால் இந்த மண்ணும் ஒரு முக்கியமான காரணம்.

இதற்கு அவர்கள் கண்டுபிடித்த வழிதான் எனக்குப் பிடித்த சமாச்சாரம். தண்டவாளத்தின் ஓரமாக வரிசையாக இரும்புக் குழாய்களை நட்டு, ஒரு பகுதி மண்ணுக்குள்ளும் மறு பகுதி வெளியிலும் இருக்கும்படி விட்டு, உள்ளே அமோனியாவை அடைத்து மூடியிருக்கிறார்கள். குளிர்காலத்தில் மேலே இருக்கும் காற்றைவிட மண் கொஞ்சம் சூடாக இருக்குமல்லவா, அந்தச் சூட்டில் அமோனியா ஆவியாகி மேலே போய், வெளிக்காற்றில் குளிர்ந்து, திரவமாகித் திரும்பக் கீழே இறங்கும். இப்படியே மண்ணின் சூட்டை வெளியே கடத்திக்கொண்டே இருக்கும். கோடையில் மேல்பக்கம் சூடாகிவிடுவதால் இந்தச் சுற்று தானாக நின்றுவிடும், சூடு உள்ளே இறங்காது. மின்சாரமும் வேண்டாம், மோட்டாரும் வேண்டாம். ரொம்ப மோசமான இடங்களில் மண்ணை நம்பாமல் ஆழமாகத் தூண் இறக்கிப் பாலமாகவே கட்டிவிட்டார்கள், அதில் சிங்சுயிஹே பாலம் மட்டும் 11 கிலோமீட்டருக்கு மேல். கீழே ஆறு ஓடுவதால் இவ்வளவு நீளம் என்று நினைத்துவிடாதீர்கள், பெரும்பகுதி வெறும் தரைதான்!

இனிமேல்தான் சிக்கலே. திபெத் பீடபூமி உலகச் சராசரியைவிட வேகமாகச் சூடாகிக்கொண்டிருக்கிறது. இந்தக் குழாய்கள் எத்தனை வருடம் தாக்குப்பிடிக்கும் என்பது அங்கே ரயில் விடுகிறவர்களுக்குத் தினசரிக் கவலையாகத்தான் இருக்கும். இதையெல்லாம் விட்டுவிட்டு "ஊட்டி நிலையத்தைவிட இரண்டு மடங்குக்கு மேல் உயரம்" என்று முடித்திருப்பது, கணக்குப்படி சரி, ஆனால் என்ன பிரயோஜனம்?

மாணவர்கள் வெட்டி ஒட்டிவைக்கும் பக்கம் அது. அடுத்த வாரம் அந்த "இறங்கி ரசிக்கலாம்" வரிக்கு ஒரு திருத்தம் போடுங்கள், இடமிருந்தால் அந்த அமோனியாக் குழாய் வரிசையின் படம் ஒன்றையும் சேர்த்து.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர், ஈரோடு