வாசிப்புக்கும் ஒரு பீரியட் கொடுங்கள்

தமிழ்நாட்டு அரசுப் பல்கலைக்கழகங்களின் ஆட்சிக்குழு, பாடத்திட்டக் குழு உறுப்பினர்களுக்கு வணக்கம்.

2025 ஜனவரியிலிருந்து ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டம் நடக்கிறது. 30 பதிப்பகங்களின் சுமார் 13,000 ஆய்விதழ்களை அரசு உயர்கல்வி நிறுவனங்களில் இருப்பவர்கள் கட்டணமில்லாமல் படிக்கலாம். மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய், மக்கள் பணம். இவ்வளவு இருந்தும், ஓர் ஆய்வுக் கட்டுரையைக்கூட முழுதாகப் படிக்காமல் முதுகலை முடித்துவிட முடிகிறது. அது எப்படி என்பதுதான் என் கவலை.

பிள்ளைகள் செல்போனிலேயே கிடக்கிறார்கள் என்று சொல்லி முடித்துவிடாதீர்கள். கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்குப் போய்ப் பாருங்கள். போட்டித் தேர்வுக்குத் தயாராகும் இளைஞர்கள் மணிக்கணக்கில் உட்கார்ந்து படிக்கிறார்கள். அந்தத் தேர்வு படிக்கச் சொல்கிறது, படிக்கிறார்கள். நம் செமஸ்டர் தேர்வுக்கோ ஜெராக்ஸ் கடை நோட்ஸும் பழைய வினாத்தாள்களும் போதும். அப்புறம் மூல நூலை யார் தேடிப் போவார்கள்?

ஆசிரியர்கள் நிலை இன்னும் வருத்தமானது. பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2018 விதிமுறைப்படி உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேர வகுப்பு. அதற்கு மேல் விடைத்தாள், கல்லூரியின் தர மதிப்பீட்டுக்கான நாக் கோப்பு, சேர்க்கை வேலை. பதவி உயர்வுப் படிவம் எத்தனை கட்டுரை வெளியிட்டீர்கள் என்று கேட்கிறது, என்ன படித்தீர்கள் என்று கேட்பதே இல்லை. காசு வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடும் இதழ்கள் பிழைப்பது இதனால்தான். பிஎச்.டி.க்குக் கட்டுரை வெளியீடு கட்டாயம் என்ற விதியை யுஜிசி 2022இல் கைவிட்டது நல்ல காரியம். அப்படிக் கிடைத்த நேரமாவது வாசிப்புக்குப் போகட்டும்.

நான் கேட்பது இவ்வளவுதான். வாரத்தில் ஒரு பீரியட், கால அட்டவணையிலேயே, மாணவர்களும் ஆசிரியரும் ஒரே கட்டுரையைப் படித்து வந்து பேசுவதற்கு. ஆசிரியரின் 16 மணி நேரத்துக்குள்ளேயே அது வர வேண்டும், கூடுதல் சுமையாக அல்ல. இன்டர்னல் மதிப்பெண்ணில் ஒரு பங்கை அதற்குக் கொடுங்கள். மாணவர் தமிழில் பேசினாலும் எழுதினாலும் ஏற்றுக்கொள்ளுங்கள். ஆங்கிலத்துக்குப் பயந்தே பலர் முதல் பக்கத்தோடு மூடிவிடுகிறார்கள், அவர்களுக்குத் துணை வேண்டும்.

நூலக நேரத்தையும் கவனியுங்கள். சீர்காழியில் பிறந்து 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான எஸ்.ஆர்.ரங்கநாதன், நூல்கள் பயன்பாட்டுக்கே என்பதைத்தான் தன் நூலகவியல் விதிகளில் முதல் விதியாக வைத்தார். வகுப்பு முடியும்போதே நூலகமும் பூட்டப்பட்டால் மாணவர் எப்போதுதான் உள்ளே போவது? இரவு எட்டு மணி வரையாவது திறந்திருக்கட்டும்.

இன்னொன்று, எங்களுக்காக. ‘ஒரே நாடு ஒரே சந்தா’ இப்போது அரசு நிறுவனங்களுக்கு மட்டும்தான். உங்கள் பட்டத்தைத்தான் எங்கள் சுயநிதிக் கல்லூரி மாணவர்களும் வாங்குகிறார்கள். கல்லூரி அடையாள அட்டையைக் காட்டினால் பல்கலைக்கழக நூலகத்துக்குள் உட்கார்ந்து படிக்க அவர்களை அனுமதியுங்கள். அடுத்த ஆட்சிக்குழுக் கூட்டத்திலேயே இதைத் தீர்மானமாகக் கொண்டுவரக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
இணைப்புக் கல்லூரி ஆசிரியர் ஒருவர்