சிமுலேட்டரில் செஸ்னா சரியாகப் பறக்க

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டுக் கணினியில் விமானம் ஓட்டிப் பழகுவது பற்றித் தங்கள் இணைப்பிதழில் வந்த கட்டுரை, சிறு விமானம் நிஜம் போல ஓடவில்லையென்றால் நல்ல ஜாய்ஸ்டிக்கும் கிராஃபிக்ஸ் கார்டும் வாங்கச் சொல்கிறது. எங்கள் பகுதி மாணவர்கள் பர்மா பஜாருக்கோ ரிச்சி தெருவுக்கோ கிளம்புமுன் விமானத்தின் கோப்பைத் திறந்து பார்ப்பது நல்லது. ஃபிளைட்கியர் இலவச விமான சிமுலேட்டர் மென்பொருள். அதில் ஜேஎஸ்பிசிம் என்ற பறப்புக் கணக்கீட்டு முறையில் எழுதப்பட்ட விமானங்களின் எடை, தூக்குவிசை, இழுவை (காற்றின் தடை) எல்லாம் சாதாரண எடிட்டரில் மாற்றக்கூடிய எக்ஸ்எம்எல் கோப்பில்தான் இருக்கின்றன.

செஸ்னா 172எஸ் என்ற சிறு விமான ரகத்தை எடுத்துக்கொள்வோம். முதல் வேலை, வானிலையைக் கடல்மட்டத்தில் 15 டிகிரி, 1013 ஹெக்டோபாஸ்கல், காற்றில்லை என்று நிறுத்துவது. நேரடி வானிலையை ஓடவிட்டு மே மாத மீனம்பாக்கத்தில் சோதித்தால், 38 டிகிரி வெயிலில் ஓடுபாதையிலேயே காற்று சுமார் 2,700 அடி உயரத்தில் இருப்பதுபோல் மெலிந்திருக்கும். நிமிடத்துக்கு 730 அடி ஏற வேண்டிய விமானம் திணறும். உடனே இன்ஜினின் 180 குதிரைத்திறனை 200 ஆக்கிவிடுவார்கள். அதற்கப்புறம் எந்த எண்ணும் மற்றதோடு ஒட்டாது.

அடுத்தது எடை: முழுச் சுமையில் 2,550 பவுண்டு. அப்போது எடைமையம், இன்ஜினுக்கும் கேபினுக்கும் இடையிலுள்ள தடுப்பான ஃபயர்வாலிலிருந்து பின்னோக்கி 41 முதல் 47.3 அங்குலத்துக்குள் இருக்க வேண்டும். ஜேஎஸ்பிசிம் அங்குலத்தில் அளக்கும், பின்பக்கம் கூட்டல். மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டர் அடியில் அளக்கும், முன்பக்கம் கூட்டல். ஒன்றிலிருந்து மற்றதற்கு எண்ணை அப்படியே ஒட்டினால் பின்சீட்டுப் பயணி இன்ஜின் மேல் உட்கார்ந்திருப்பார்.

பெரும்பாலோர் சறுக்குவது ஸ்டால் வேகத்தில், அதாவது அதற்குக் கீழே போனால் இறக்கை விமானத்தைத் தாங்காது என்ற வேகத்தில். ஃபிளாப் (இறக்கையின் பின்விளிம்பில் இறக்கும் மடிப்பு) இல்லாமல் 48 நாட் (மணிக்குக் கடல் மைல்) என்று கையேட்டில் பார்த்து, அதற்கேற்பத் தூக்குவிசையை ஏற்றிவிடுகிறார்கள். அந்த 48, விமானத்தின் வேக மீட்டர் காட்டும் வேகம். மூக்கு அவ்வளவு தூக்கியிருக்கும்போது அழுத்தக் குழாய்கள் சரியாக அளக்காததால் மீட்டர் குறைத்துக் காட்டுகிறது. அந்தப் பிழையை நீக்கித் திருத்திய வேகம் 53 நாட் என்று அதே அட்டவணையிலேயே இருக்கிறது. இறக்கைப் பரப்பு 174 சதுர அடி. 53 நாட்டில் கணக்கிட்டால் உச்சத் தூக்குவிசைக் கெழு (இறக்கை அதிகபட்சம் எவ்வளவு தூக்கும் என்பதைக் காட்டும் எண்) 1.54 வரும், 48 என்று வைத்தால் 1.88. ஃபிளாப் இல்லாத இந்த இறக்கைக்கு 1.88 நடக்காத காரியம். அந்த 22 சதவீத அதிகத்தில்தான் விமானம் தரையைத் தொட மனமில்லாமல் ஓடுபாதை நெடுக மிதக்கிறது. சிமுலேட்டரின் மீட்டரில் இந்தப் பிழையைச் சேர்க்காத வரை, இன்ஜினை ஐடிலில் விட்டு விநாடிக்கு ஒரு நாட் வீதம் வேகம் குறைத்தால் மீட்டரிலேயே 53-இல்தான் ஸ்டால் ஆக வேண்டும்.

இழுவையை, இன்ஜின் இல்லாமல் காற்றில் மிதந்து இறங்கும்போது சரிபார்க்க வேண்டும், அப்போது இன்ஜின் குறுக்கே வராது. எண்ணூர்க் கடலுக்கு மேல் 4,000 அடியில் இன்ஜினை அணைத்து, 68 நாட் வேகத்தில் 3,000 அடிக்கு இறங்கட்டும். சுமார் ஒன்றரை கடல் மைல், ஏறக்குறைய 75 முதல் 80 விநாடி. இரண்டு கடல் மைலைத் தாண்டினால் இழுவை போதாது. இது சரியான பிறகு, கடல்மட்டத்தில் முழு த்ராட்டிலில் 126 நாட் வருகிறதா என்று பார்க்கலாம். வராவிட்டால் குறை புரொப்பெல்லரிலோ இன்ஜினிலோதான்.

விமானம் கையில் துள்ளுகிறது என்பது அடுத்த புகார். சென்சிடிவிட்டியைக் குறைத்தால் துள்ளல் மறையும், காரணம் அப்படியே கிடக்கும். பெரும்பாலும் நிலைமத் திருப்புத்திறன் (சுழற்ற முயலும்போது விமானம் காட்டும் தயக்கம்) எண்களில் ஒன்று தவறாக இருக்கும், அல்லது பிட்ச் (மூக்கு மேலும் கீழும் ஆடுவது) தணிப்பு குறைவாக இருக்கும். செஸ்னாவில் உருளலுக்கான (இறக்கை சாய்வது) எண் சிறியது, பிட்சுக்கானது நடுத்தரம், திரும்பலுக்கானது (மூக்கு இடவலமாகப் போவது) பெரியது. ஆனால் அந்தப் பெரிய எண் மற்ற இரண்டின் கூட்டுத்தொகையைத் தாண்ட முடியாது; எந்தத் திடப்பொருளுக்கும் இதுதான் விதி. தாண்டியிருந்தால் யாரோ குத்துமதிப்பாகப் போட்டிருக்கிறார்கள். பிறகு 90 நாட்டில், கையை விட்டாலும் அதே வேகத்தில் பறக்கும்படி டிரிம் செய்து, மூக்கைத் தூக்கிப் பத்து நாட் குறைத்துக் கையை விடுங்கள். 20 முதல் 30 விநாடிக்கு ஒரு அலையாக ஏறி இறங்கி மெல்ல அடங்க வேண்டும். திரும்பாமல் மூக்கு ஒரே திசையில் போய்க்கொண்டே இருந்தால் எடைமையம் பின்னால் இருக்கிறது, இல்லையேல் ஒரு கழித்தல் குறி விட்டுப்போயிருக்கிறது.

முழு விசையில் ஏறும்போது மூக்கு இடப்பக்கம் இழுக்க, வலது ரட்டரை (வாலிலுள்ள திருப்புபலகையின் மிதி) மிதிக்க வேண்டியிருக்கும். பல சிமுலேட்டர்களில் இதைத் தானாகச் சமாளிக்கும் 'ஆட்டோ ரட்டர்' வசதி உண்டு; சோதனையின்போது அது அணைந்திருக்கட்டும். ஜாய்ஸ்டிக்கின் வளைவுக்கோட்டை (எவ்வளவு அசைத்தால் எவ்வளவு கட்டுப்பாடு என்ற அமைப்பை) எல்லாம் முடிந்த பிறகுதான் தொட வேண்டும், அதுவும் கொஞ்சமாக. நிஜ விமானத்தில் வேகம் கூடக்கூடக் கட்டுப்பாடு கனக்கும். மேசை ஜாய்ஸ்டிக்கின் ஸ்பிரிங்குக்கு 60 நாட்டும் 120 நாட்டும் ஒன்றுதான்.

இப்படிக்கு,
வாசகர், வியாசர்பாடி, சென்னை - 39