பத்திரம் யார் பேரில் இருந்தது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை பாலஸ்தீனம் பற்றி நீங்கள் போட்டிருந்த பெரிய கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். இரண்டாயிரம் வருடமாக இரண்டு மதங்கள் மோதிக்கொள்கின்றன, இது தீராத பகை, நாம் என்ன செய்ய முடியும் என்கிற தோரணையில் முடித்திருக்கிறார் எழுதியவர். எனக்கு இது ஒப்பவில்லை. நான் தஞ்சாவூர்ப் பக்கத்து ஆள், தாத்தா குத்தகைக்கு உழுதவர், நிலத் தகராறு எப்படி ஆரம்பிக்கும், எத்தனையாவது வருடத்தில் அதற்குள் சாமி வந்து உட்காரும் என்பதைத் திண்ணையில் பெரியவர்கள் பேசக் கேட்டே வளர்ந்தவன். அதனால் காலங்காலமாகப் பகை என்று யாராவது சொன்னால், சரி ஐயா, பத்திரம் யார் பேரில் இருந்தது என்றுதான் முதலில் கேட்கத் தோன்றும்.

பாலஸ்தீனத்தில் அந்தக் கேள்விக்கு விடை 1858-இல் கிடைக்கிறது. 1517-இலிருந்து அந்த ஊரை ஆண்டுகொண்டிருந்த ஓட்டோமான் துருக்கியர்கள் அந்த வருடம் ஒரு நிலச் சட்டம் கொண்டுவந்தார்கள், எல்லாரும் நிலத்தைப் பதிவு செய்ய வேண்டும் என்று. குடியானவனுக்குப் பயம், வரி போடவும் பையனைப் பட்டாளத்துக்குப் பிடித்துப் போகவும்தான் பேரைக் கேட்கிறான் என்று. நியாயமான பயம்தான். பலர் பதியவே இல்லை, பலர் ஊர்ப் பெரியமனிதர் பேரில் இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டார்கள். 1870 வாக்கில் பெய்ரூட்டைச் சேர்ந்த சுர்சோக் என்ற வணிகக் குடும்பம், பாலஸ்தீனத்தின் வடக்கே உள்ள ஜெஸ்ரீல் சமவெளியில் ஊர் ஊராக நிலத்தை வாங்கிப் போட்டது. உழுகிறவனுக்கு அப்போது பெரிய வித்தியாசம் தெரிந்திருக்காது, விளைச்சலில் பங்கை யாருக்கு அளப்பது என்பது மாறியது, அவ்வளவுதான். வித்தியாசம் 1921-க்கு அப்புறம் தெரிந்தது. 1925-க்குள் அந்தக் குடும்பம் சமவெளியில் பெரும்பகுதியை யூத நில நிறுவனங்களுக்கு விற்றுவிட்டது. விற்றது சட்டப்படி சரி, வாங்கியதும் சரி, காசும் கை மாறியது. ஆனால் வாங்கியவர்கள் தாங்களே உழுது பிழைக்க வந்தவர்கள், அவர்களுக்குக் குத்தகைக்காரன் எதற்கு? அவன் சட்டி பானையைக் கட்டிக்கொண்டு கிளம்ப வேண்டியதாயிற்று. எங்கள் தாத்தாவுக்கு 1952-இல் தஞ்சாவூர் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது, பிழைத்தார். அது வராமல், சென்னையில் இருந்த மிராசுதார் யாருக்கோ எழுதிக்கொடுத்திருந்தால், வந்தவன் எந்த மதமாக இருந்தாலும் தாத்தாவுக்கு அவன் எதிரிதான்.

இதைச் சொல்வதால் யூதர்கள் வம்புக்கு வந்தார்கள் என்று நான் சொல்வதாக நினைக்க வேண்டாம். ரஷ்யாவில் 1881-இலிருந்து அவர்களை வீடு புகுந்து அடித்தார்கள், 1897-இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் ஹெர்ஸல் என்பவர் யூதர்களுக்கென்று ஒரு தாயகம் வேண்டும் என மாநாடு கூட்டியது அந்த அடியின் வலியில்தான், 1924-இல் அமெரிக்கா கதவைப் பாதி சாத்தியது, 1933-இல் ஹிட்லர் வந்தான். போக்கிடம் இல்லாதவர்கள், தினம் தொழுகையில் பேர் சொல்லி நினைக்கிற ஊருக்குப் போனார்கள். அந்தப் பற்று உண்மையானது. ஆனால் அந்த ஊரில் ஆட்கள் இருந்தார்கள்.

நடுவில் தரகு வேலை பார்த்தவர் பிரிட்டிஷ்காரர். 1915, 1916-இல் துருக்கியருக்குக் கீழே மெக்காவை ஆண்ட ஷெரீஃப் ஹுசைனுக்குக் கடிதம் எழுதி அரபு நாடு தருகிறோம் என்றார்கள், 1916-இலேயே பிரான்சுடன் உட்கார்ந்து வரைபடத்தில் கோடு போட்டுப் பங்கு பிரித்துக்கொண்டார்கள், 1917 நவம்பர் 2-இல் அவர்களின் வெளியுறவு அமைச்சர் பால்ஃபர் யூதர்களுக்குப் பாலஸ்தீனத்தில் ஒரு தேசிய இல்லம் என்று எழுதிக் கொடுத்தார். ஒரே மனைக்கு மூன்று பேரிடம் அட்வான்ஸ் வாங்குகிற ஆளை நம்மூரில் என்ன சொல்வோம்? பால்ஃபர் கடிதத்தின் அந்த முக்கிய வாசகம் 67 சொல்தான். அன்றைக்கு அங்கே பத்தில் ஒன்பது பேராக இருந்த அரபுகளை அதில் பேர் சொல்லிக்கூடக் குறிப்பிடவில்லை, யூதரல்லாத சமூகங்கள் என்று போட்டிருக்கிறது. இதில் நமக்குச் சம்பந்தமே இல்லை என்றும் சொல்ல முடியாது. இங்கே தில்லியில் தீன்மூர்த்திச் சந்திப்பில் மூன்று வெண்கலச் சிப்பாய்கள் நிற்கிறார்களே, ஹைதராபாத், மைசூர், ஜோத்பூர் சமஸ்தானப் படைகளுக்கான நினைவுச் சின்னம் அது. 1918 செப்டம்பர் 23-இல் பாலஸ்தீனத்துத் துறைமுகமான ஹைஃபாவைத் துருக்கியரிடமிருந்து பிடித்ததில் ஜோத்பூர், மைசூர்க் குதிரைக்காரர்கள் முன்னால் நின்றார்கள். 2018-இல் அந்தச் சந்திப்பின் பேரோடு ஹைஃபாவையும் சேர்த்தார்கள். நான் இருபது வருடம் பஸ்ஸில் அதைச் சுற்றிப் போனவன், ஒரு நாளும் இறங்கிப் படித்ததில்லை.

சரி, மதம் எங்கே வருகிறது? ஜெருசலேமில் யூதர்கள் புனிதமாக நினைக்கிற மேற்குச் சுவருக்கு முன்னால் அப்போது இருந்தது பத்துப் பன்னிரண்டு அடி அகலச் சந்து. அந்த இடம் முஸ்லிம் வக்ஃபு சொத்து, யூதர்கள் அங்கே வந்து தொழுவது வழக்கம். 1928 செப்டம்பரில் யோம் கிப்பூர் என்ற யூதப் புனித நாள் அன்று ஆண்களுக்கும் பெண்களுக்கும் நடுவே ஒரு தடுப்புத் தட்டி வைத்தார்கள். இன்றைக்குத் தட்டி, நாளைக்குக் கட்டடம் என்று எதிர்ப்பு வந்தது, தொழுகை நடக்கும்போதே, அப்போது ஊரை ஆண்ட பிரிட்டிஷாரின் போலீஸ் உள்ளே புகுந்து தட்டியைப் பிடுங்கியது. அடுத்த ஆகஸ்ட்டில் ஊரே பற்றி எரிந்து யூதர்கள் 133 பேர், அரபுகள் 116 பேர் செத்தார்கள். ஹெப்ரான் என்ற ஊரில் மட்டும் 67 யூதர்கள், அதில் தலைமுறை தலைமுறையாக அங்கேயே இருந்த குடும்பங்களும் உண்டு, அவர்களில் பலரை வீட்டுக்குள் ஒளித்துவைத்துக் காப்பாற்றிய அரபுக் குடும்பங்களும் அங்கேதான் இருந்தன. அந்தத் தட்டியை முந்தின நூற்றாண்டில் யாராவது வைத்திருந்தால் சந்துக்குள் ஒரு கைகலப்போடு முடிந்திருக்கும் என்பது என் கணிப்பு. 1929-இல் விசாரிக்க வந்த பிரிட்டிஷ் ஷா கமிஷனே, நிலம் போய்விடும், பிழைப்பு போய்விடும் என்ற பயத்தைப் பற்றி எழுதியிருக்கிறது.

அப்புறம் 1948, இஸ்ரேல் என்ற நாடு உருவாகிப் போர் மூண்ட வருடம். ஏழு லட்சத்துக்கும் அதிகமான பாலஸ்தீனர்கள் வீட்டை விட்டுப் போனார்கள், பலர் துரத்தப்பட்டார்கள். 1950-இல் இஸ்ரேல், ஊரில் இல்லாதவர் சொத்துச் சட்டம் போட்டு அந்த வீடுகளையும் நிலங்களையும் எடுத்துக்கொண்டது. பாக்தாத், கெய்ரோ என்று அரபு நாடுகளில் இருந்த யூதர்களும் லட்சக்கணக்கில் அடுத்த சில ஆண்டுகளில் சொத்தைப் போட்டுவிட்டுக் கிளம்ப நேர்ந்தது. தில்லிக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம், இங்கேயும் அதே 1950-இல்தான் அகதிகள் விட்டுப் போன சொத்துக்கான சட்டம் வந்தது.

1978-இல் கரோல்பாகில் ஒரு பர்சாத்தியில், அதாவது மொட்டைமாடி அறையில், வாடகைக்கு இருந்தேன். வீட்டுக்காரர் பிரிவினையில் பாகிஸ்தானுக்குப் போய்விட்ட லாயல்பூரிலிருந்து வந்த பஞ்சாபி, பாபுஜி என்றுதான் கூப்பிடுவோம். அங்கே விட்டுவந்த வீடு, கிணறு, நிலம் எல்லாம் பட்டியல் போட்டு எழுதிய க்ளெய்ம் காகிதத்தை ஒரு பிஸ்கட் டப்பாவில் வைத்திருந்தார், மாதம் பிறந்து வாடகை கொடுக்கப் போனால் பாதி நாள் அதை எடுத்துக் காட்டுவார், மடித்து மடித்து மடிப்பில் கிழிந்திருக்கும். அந்த க்ளெய்முக்குப் பதிலாகக் கிடைத்த இந்த வீடு, 1947-க்கு முன்னால் ஒரு முஸ்லிம் குடும்பத்துடையது. வாசல் நிலைக்கு மேல் கல்லில் உருதுவில் ஏதோ வெட்டியிருந்தது, வருடா வருடம் தீபாவளிக்குச் சுண்ணாம்பு அடிப்பார்கள், மழைக்காலம் வந்தால் எழுத்து மறுபடி தெரியும். என்ன எழுதியிருக்கிறது பாபுஜி என்று ஒரு தடவை கேட்டேன். அவருக்கு உருது நன்றாக வாசிக்கத் தெரியும், தினமும் உருதுப் பேப்பர்தான் படிப்பார். தெரியாது என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

இன்னொன்று. 1947 நவம்பர் 29-இல் ஐ.நா.வில் பாலஸ்தீனப் பிரிவினைக்கு இந்தியா ஆதரவாக ஓட்டுப் போட்டதாகக் கட்டுரையில் இருக்கிறது. தவறு. ஆதரவு 33, எதிர்ப்பு 13, எதிர்த்த 13-இல் இந்தியாவும் ஒன்று. திருத்தம் போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு பழைய வாசகன்,
கரோல்பாக், புது தில்லி